கொங்குப் பெருவழிகளும் அவற்றைச் சமைத்தோர் காப்பும்

வழியைக் குறிக்கும் சொற்கள் தமிழில் மிகப் பல. ஆறு, நெறி, அதர், இயவு, கவலை, சுரம், மறுகு என்பன சங்க இலக்கியத்துட் பயில்கின்றன. வதி, பெருவழி என்பன கல்வெட்டுக்களிற் காணப்படுகின்றன. இருபுறமும் வேலி அடைத்த வண்டித்தடத்தைக் கொங்குநாட்டு உழவர் இன்றும் இட்டேரி என்று வழங்குவர். வழியிற் செல்வோர்க்கும் பெயர்கள் குறைவில்லை. வம்பலர், சாத்தர், உமணர் என அவர்தம் தொழிலும் நிலையும் தோன்றப் புலவர்கள் பெயரிட்டு அழைத்தனர். கல்லை உடைத்துப் பரப்பியவர்க்கும், மண்ணைச் சுமந்து பள்ளம் தூர்த்தவர்க்கும் அத்தகைய தனிப்பெயர் ஒன்றை அவ்விலக்கியத்துள் எளிதிற் காணுமாறில்லை. வழியின் வரலாறு எழுதுவோர் அதன் வழியே சென்ற பொருளையும் படையையும் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். வழியைச் சமைத்தோருடைய தலைக்கும் தாளுக்கும் மூச்சுக்கும் எக்காலத்து எத்தகைய காப்பு இருந்தது என்னும் வினா எழுப்பப்பட்டது அரிது. திருப்பூரை நடுவாகக் கொண்ட கொங்குப் பகுதியை முன்னிறுத்தி அவ்வினாவை ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

முதற்கண், வழியிற் காப்புடை என்பது தமிழர்க்குப் புதியதன்று என்பதைக் கூறல் வேண்டும். பெரும்பாணாற்றுப்படையுள் மலைபடு பொருளும் கடல்படு பொருளும் கொண்டு செல்லும் வணிகர் பேசப்படுகின்றனர். அவர்கள் காலில் அடிபுதையரணம் அணிந்திருந்தனர். மேனியிற் சட்டை புகுந்திருந்தனர். அடிபுதையரணம் என்பது அடியை மறைக்கும் காவல் எனப் பிரிந்து பொருள் தருவது. உரையாசிரியர் அதனைச் செருப்பு என்பர். செருப்பை அழகுக்குரிய அணியாகக் கருதாமல் அரணாகக் கருதிய அச்சொல்லாட்சி எண்ணத்தக்கது. மிளகுப்பொதி சுமந்த கழுதைகளோடு அவர்கள் சென்ற பெருவழி சுங்கம் கொள்ளப்படும் வழி. கிளைவழிகள் கூடும் இடங்களில் வில்வீரர் காவல் இருந்தனர். சுங்கம் இறுத்தவனுக்கு அரசு காவல் தந்தது என்பது இதன் கருத்து. அதே நூலுள், ஆநிரை மேய்ப்பவனுடைய அடியிற் செருப்பு அழுந்திய தழும்பு இருந்தமையும் குறிக்கப்படுகின்றது. எனவே, கல்லும் முள்ளும் நிறைந்த நிலத்திற் கால்வைத்துத் தொழில் செய்வோன் தாளுக்குக் காப்பு வேண்டும் என்னும் உணர்வு ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே இங்கு இருந்தது என்பதில் ஐயமில்லை.

வழி அமைத்த செய்தி ஒன்றும் சங்கப் பாடல்களுள் வருகின்றது. மோரியரின் தேர் உருளை தடையின்றிச் செல்லுதற்பொருட்டு மலையை வெட்டிக் குறைத்த செய்தி அது. அகநானூற்றில் 69, 251, 281 ஆகிய பாடல்களிலும் புறநானூற்றில் 175-ஆம் பாடலிலும் இதனைக் காணலாம். மோரியர் யாவர், அவர் தென்னாட்டுட் புகுந்தனரா என்பன பற்றி அறிஞர்கள் நெடுங்காலம் வழக்கிட்டுள்ளனர். அவ்வழக்கினுள் யாம் புகவில்லை. நான்கு பாடல்களிலும் தேர் பேசப்படுகின்றது, உருளை பேசப்படுகின்றது, குறைக்கப்பட்ட மலையும் பேசப்படுகின்றது. மலையைக் குறைத்த உளியையும் அதனைப் பிடித்த கையையும் பற்றி ஒன்றும் இல்லை. அப்பாடல்களின் பொருள் வேறாதலின் புலவர்களைக் குறைகூற இடமில்லை. ஆயினும், வழி தானே அமைவது போலவும் அரசன் ஆணையே கல்லைப் பிளப்பது போலவும் எண்ணும் வழக்கம் எத்துணைப் பழமையானது என்பதற்கு அவை சான்றாகின்றன.

இனிக் கொங்குநாட்டுக்கு வருவோம். மேற்குக் கடற்கரைக்கும் சோழநாட்டுக்கும் இடையே பாலைக்காட்டுக் கணவாய் இயற்கை திறந்து வைத்த வாயிலாகும். அவ்வாயிலினூடே வந்த வழி நொய்யலாற்றை ஒட்டிக் கிழக்கே சென்றது. காங்கயத்தை அடுத்த படியூரிற் கிடைத்த பச்சைக்கல்லும், கொடுமணலில் அகழ்ந்தெடுக்கப்பட்ட மணித்தொழிற் கூடங்களும், திருப்பூரை அடுத்த கத்தாங்கண்ணியிற் புதையலாகக் கிடைத்த உரோமக் காசுகளும் அவ்வழியின் செல்வத்தை உணர்த்துவன. பிற்காலத்தில், கோவைக்கு மேற்கே சுண்டக்காமுத்தூரை அடுத்த பாறையில் வெட்டப்பட்டுள்ள வெண்பா ஒன்று அதனை இராசகேசரிப் பெருவழி எனப் பெயரிட்டுப் போற்றுகின்றது. முதலாம் ஆதித்த சோழன் காலத்தது, அஃதாவது ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியது, என்று அதனைக் கருதுவர். வழிக்கு அரசனின் பட்டப்பெயர். கல்லில் அரசனின் புகழ். அதனைச் செப்பனிட்டவர் யாவர், எத்துணைப் பேர் என்பது அப்பாறையில் இல்லை.

வழிப்போக்கனின் இடரை மட்டும் இப்பகுதியின் இலக்கியம் உரத்த குரலிற் கூறியுள்ளது. அவிநாசிக்கும் திருப்பூருக்கும் இடைப்பட்ட திருமுருகன்பூண்டியில், வழிப்பறி செய்யும் வேடுவர் இருக்கும் இடத்தில் நீர் ஏன் இருக்கின்றீர் என்று இறைவனையே வினவும் பதிகம் ஒன்றைச் சுந்தரர் பாடியருளினார். வழியிற் செல்வோன் அடியுண்டு ஆறலைக்கப்படுதல் இறைவனிடம் முறையிடத்தக்க குறையாக இருந்தது. வழி அமைத்தவன் கல் தெறித்துக் கண்ணிழந்த குறையை எப்பதிகமும் பாடிற்றில்லை.

அவ்வேலையைச் செய்தவர் யாவர் என்பதற்குக் கல்வெட்டுக்களில் ஒரு சொல் விடை தருகின்றது. சோழர் கல்வெட்டுக்களிற் பலகாலும் வரும் வரிப்பெயர்களுள் வெட்டி என்பது ஒன்று. கூலியின்றி ஊரார் செய்தற்குரிய உழைப்பையும், அதற்கு ஈடாக இறுக்கும் இறையையும் அது குறித்தது. விஷ்டி என்னும் வடசொல்லோடு அதனை இயைத்துக் கூறுவர். ஏரிக்கரை அடைத்தல், வாய்க்கால் குத்துதல் முதலிய பொதுப்பணிகள் இத்தகைய உழைப்பால் நடந்தன. பிற்காலத்தில் அமஞ்சி என்னும் சொல்லும் இப்பொருளில் வழங்கிற்று. வெட்டி என்னும் சொல் பின்னர் அடைந்த நிலையைக் காண்க. இன்று ‘வெட்டியாய்’ என்றால் வீணாய் என்று பொருள். ‘வெட்டிவேலை’ என்றால் பயனற்ற வேலை. ஊருக்கெல்லாம் பயன்பட்ட உழைப்பைக் குறித்த சொல், கூலி இல்லாமையால், பயனின்மையையே குறிக்கும் சொல்லாகத் திரிந்தது. சொற்பொருள் மாற்றத்தை ஆராய்வோர்க்கு இதனினும் கசப்பான எடுத்துக்காட்டு எளிதிற் கிடைக்காது.

அவ்வுழைப்பின் காட்சி ஒன்றைத் திருவிளையாடற் புராணம் வைத்திருக்கின்றது. வைகைப் பெருக்கை அடைக்க மதுரைக் குடிகள் ஒவ்வொருவர்க்கும் கரையின் பங்கு அளந்து விடப்படுகின்றது. ஆளில்லாத முதியவளாகிய வந்திக்குக் கூலியாளாக இறைவனே வந்து பிட்டுக்கு மண் சுமக்கின்றான். பாண்டியன் கையில் அடியும் படுகின்றான். சமயக் கருத்தை ஒருபுறம் வைத்துப் பார்த்தால், பங்கு அளந்து விடுதல், கணக்கன் வருதல், பணி முடியாத பங்குக்குரியவனைத் தேடிப் பிரம்பால் அடித்தல் ஆகிய நடைமுறைகள் அனைத்தும் அக்கதையுள் உள்ளன. ஆவணித் திங்களில் மதுரையில் அவ்விழா எடுக்கும்போது இறைவன் திருவுருவுக்குக் கூடையும் மண்வெட்டியும் தருகின்றனர். கூடை சுமப்போன் தலையில் வேண்டுவது சும்மாடு. சுமையடை என்னும் சொல்லோடு தொடர்புடையது அது. பழந்துணியை முறுக்கி வட்டமாகச் சுற்றித் தலைமேல் வைக்கும் இச்சிறு பொருளே சாலைப் பணியாளரின் மிகப் பழைய காப்புடை என்று சொல்லத் துணிகின்றோம். அதனை அரசன் தரவில்லை, ஒப்பந்தக்காரன் தரவில்லை. சுமப்பவள் தன் முந்தானையிலிருந்தோ கிழிந்த வேட்டியிலிருந்தோ தானே செய்துகொண்டாள். இந்த இயல்பு பின்வரும் வரலாறு முழுதும் மாறாது வருவதைக் காண்போம்.

கும்பினி ஆட்சிக்காலத்தில் கோயமுத்தூர் மாவட்ட ஆட்சியராக இருந்த சலிவன் 1819-இல் நீலமலை ஏறினார். சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் ஏறும் வழி அடுத்த நான்காண்டுகளில், 1823-இல், முடிந்தது. அதனை அமைத்த படைத்தலைவராக மக்பெர்சன் பெயர் நூல்களில் நிற்கின்றது. நோய் நிறைந்த அடிவாரக் காட்டில் மண் வெட்டியவர் பெயர்கள் நிற்கவில்லை. அக்காலத்து இந்தியா முழுதும் சாலை வேலைக்குச் சிறைக் கைதிகளை விலங்கோடு நடத்திச் செல்லும் வழக்கமும் இருந்தது. மெக்காலே முதலியோர் இடம்பெற்ற சிறை ஒழுங்குக் குழு 1838-இல் அளித்த அறிக்கை அவ்வழக்கத்தைக் கடிந்தது. சாலை வேலையில் நோயும் சாவும் மிகுதி என்பது அது காட்டிய காரணங்களுள் ஒன்று. வெளியே வேலை செய்யும் கைதிக்கு ஒறுப்புப் போதவில்லை என்பது மற்றொன்று. முதற்காரணத்தை மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால் அக்குழுவை நாம் பாராட்டியிருப்போம்.

உடைத்த கல்லைப் படுகை படுகையாகப் பரப்பி அழுத்தும் முறை ஸ்காட்லாந்தினரான மக்காதம் (1756–1836) பெயரால் உலகெங்கும் பரவியது. தமிழ்நாட்டில் அது கப்பிச் சாலை ஆயிற்று. இம்முறையில் கல்லின் அளவு இன்றியமையாதது. கல் சிறிதாக இருத்தல் வேண்டும். மலைபோற் குவிந்த கருங்கல்லைக் கைச்சம்மட்டியால் எலுமிச்சை அளவுக்கு உடைப்பதற்கு அமர்ந்த நிலையில் நாள் முழுதும் அடிக்க வேண்டும். ஆணின் வலிமை வேண்டாத வேலை என்று அதனைப் பெண்டிர்க்கும் முதியோர்க்கும் சிறுவர்க்கும் விட்டனர். வலிமை வேண்டாத அவ்வேலையில் வேறு தீங்குகள் இருந்தன. சிதறும் சில்லுக் கண்ணைக் கெடுத்தது. இடக்கை விரல் நசுங்கிற்று. கண்ணுக்குப் புலனாகாத கல்தூள் மூச்சுப்பையிற் படிந்து ஆண்டுகள் கழித்து மூச்சைத் தின்றது.

1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருடப் பஞ்சத்தில் இவ்வேலையே சென்னை மாகாணத்து ஏழைகளின் உயிர்ப்பற்றாயிற்று. அக்காலத்தில் திருப்பூர், கோயமுத்தூர் மாவட்டத்துப் பல்லடம் வட்டத்தைச் சேர்ந்த ஊர். மழை பொய்த்த இம்மேட்டு நிலத்திற் பஞ்சம் கடுமையாகத் தாக்கிற்று. 1871-இல் ஏறத்தாழ 17½ இலட்சமாக இருந்த கோயமுத்தூர் மாவட்ட மக்கள்தொகை 1881-இல் ஏறத்தாழ 16½ இலட்சமாகக் குறைந்தது. பஞ்ச நிவாரணம் என்ற பெயரில் மக்கள் சாலைக்கு மண் கொட்டினர், கல் உடைத்தனர். 1877 சனவரியில் அரசப் பிரதிநிதி லிட்டனால் அனுப்பப்பெற்ற ரிச்சர்டு டெம்பிள், வேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையராகிய கார்னிஷ், உழைக்கும் உடலுக்கு அஃது ஒருசிறிதும் போதாது என்று அளவு காட்டி மறுத்தார். அவ்வழக்கின் விளைவாகச் சில திங்களிற் கூலி உயர்த்தப்பட்டது. கார்னிஷ் எழுப்பிய வாதத்தை யாம் பெரிதும் மதிக்கின்றோம். சாலை வேலை செய்வோன் உடலுக்கு இன்னது செய்தால் இன்னது நேரும் என்று எண்ணிக்கையோடு அரசை எதிர்த்துப் பேசிய குரல் இம்மாகாணத்தில் அதற்குமுன் மிக அரிது. எனினும் அவர் பேசியதும் வயிற்றைப் பற்றியே. கண்ணையும் விரலையும் மூச்சையும் பற்றிப் பேசுதற்கு அக்காலம் இடம் தரவில்லை. பட்டினி முன்னே நிற்கும்போது கல்தூளை யார் நினைப்பார்?

இதற்கிடையே ஆலைகள் வந்தன. 1881-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், நூறு பேர்க்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைகளிற் சுழலும் பொறிக்கு வேலி இடல் வேண்டும் என்றது. சுவர் சூழ்ந்த இடத்துக்குச் சட்டம் புகுந்தது. வானமே கூரையான சாலைக்கு அது வரவில்லை. 1923-இல் இயற்றப்பட்ட தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், ஊறு நேர்ந்தபின் பணம் தருவது பற்றியது. இந்தியச் சாலைப் பேரவை 1934-இல் தோன்றிற்று. சாலையின் அகலம், வளைவு, படுகையின் தடிப்பு ஆகியன பற்றி அது வகுத்த நெறிகள் பல. சாலை அமைக்கும் இடத்திற் பாதுகாப்பு என்பதையே பொருளாகக் கொண்ட அதன் தனி நெறிநூல் வெளிவந்தது 2001-இல். இடைப்பட்ட காலம் 67 ஆண்டு.

தமிழ்நாட்டரசு 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர்க்கெனத் தனிச்சட்டம் இயற்றியதையும், 1994-இற் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் அமைத்ததையும் குறிப்பிடாது விடலாகாது. நாட்டின் பிற பகுதிகட்கு அவை வழிகாட்டின. 1996-இல் நடுவணரசு இயற்றிய கட்டட, பிற கட்டுமானத் தொழிலாளர் சட்டம் ‘சாலை’ என்னும் சொல்லைத் தன் வரையறையுள் வெளிப்படையாக வைத்தது. அதன்கீழ் 1998-இல் எழுந்த விதிகளில் தலைக்காப்பும் பிறவும் இடம்பெற்றன. கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒன்று வரியாகத் தண்டப்பட்டது. அப்பணத்திற் பெரும்பகுதி பல மாநிலங்களிற் செலவிடப்படாது கிடந்தமையை 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கடிந்தது. பின்னர், 2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது.

மேற்கூறிய 2001-ஆம் ஆண்டு நெறிநூல் 2014-இல் திருத்தப்பட்டபோது அதன் தலைப்பும் மாறிற்று. முன்னது, சாலை அமைக்கும் இடங்களிற் பாதுகாப்பு என்னும் பொருளது. பின்னது, பணியிடங்களிற் போக்குவரத்து மேலாண்மை என்னும் பொருளது. பணியாளர் பற்றிய செய்திகள் உள்ளே இருப்பினும் முகப்பில் நிற்பது போக்குவரத்தே. தலைப்பு மாற்றத்தைப் பெரிதாக்குதல் சொல்லாராய்ச்சியாளர்க்கே உரிய குற்றம் என்று பொறியாளர் நகைக்கலாம். ஆயின், பெரும்பாணாற்றுப்படையின் சாத்தரையும் சுங்கவழிக் காவலரையும் எண்ணிப் பார்ப்போர்க்கு, வழிச்செல்வோனே முன்னும் வழிசமைப்போன் பின்னுமாக நிற்கும் அவ்வரிசை பழகிய ஒன்றாகவே தோன்றும்.

இன்று சாலைப் பணியாளர் அணியும் ஒளிரும் மேற்சட்டையின் வரலாறும் இதனோடு ஒத்து நிற்கின்றது. பகலொளியிற் பளிச்சிடும் சாயங்களை 1930-களில் அமெரிக்காவில் சுவிட்சர் உடன்பிறந்தார் ஆக்கினர். 1964-இல் ஸ்காட்லாந்தில் இருப்புப்பாதைப் பணியாளர்க்கு அத்தகைய செம்மஞ்சட் சட்டை தந்து சோதித்தனர். அச்சட்டை கல்லைத் தடுக்காது, வெப்பத்தைத் தடுக்காது, வண்டியின் மோதலையும் தடுக்காது. ஓட்டுவோன் கண்ணுக்கு அணிந்தோனைக் காட்டும், அவ்வளவே. அதன்மேல் தைத்த வெள்ளிப் பட்டை, விளக்கொளியை வந்த வழியே திருப்பி அனுப்புவது. புழுதி படிந்தால் அதுவும் மங்கும். உயிர் காக்கும் பொருள் என்பதில் ஐயமில்லை. எனினும் காக்கும் செயல் அணிந்தவனிடம் இல்லை, ஓட்டுகின்றவனிடம் உள்ளது.

திருப்பூரிற் சாலை வேலை ஓய்ந்த காலம் என ஒன்று உண்டா என்று கேட்கத் தோன்றும். பின்னலாடைத் தொழில் பெருகப் பெருகச் சாலைகள் அகன்றன. பவானியாற்று நீரைக் குழாய்வழிக் கொணர்ந்த திட்டம் 2005-இல் நிறைவேறிற்று. 2009-இல் திருப்பூர் தனி மாவட்டம் ஆயிற்று. செங்கப்பள்ளி முதல் வாளையாறு வரை நெடுஞ்சாலை அகலப்படுத்தப்பட்டது. பழைய பெருவழி சென்ற அதே கணவாய்த் திசையிலேயே இப்புதிய வழியும் செல்கின்றது. இவற்றுக்கு வேண்டும் கருங்கல் பல்லடத்தை அடுத்த காரணம்பேட்டை, கோடங்கிபாளையம் பக்கத்துக் கல்குழிகளிலிருந்தும் வருகின்றது. கையாற் கல் உடைத்த இடத்தை இன்று அரவைப் பொறி கொண்டுவிட்டது. தூள் மட்டும் பன்மடங்கு பெருகியது.

பகலில் ஆலை வண்டிகளும் சரக்கு வண்டிகளும் இடைவிடாது செல்லுதலின் நகரச் சாலைகளிற் பல வேலைகள் இரவில் நடைபெறுகின்றன. தார் போடுவோரை யாம் பலகாலும் கண்டு நின்றுள்ளோம். பரப்பப்படும் கலவைக்குரிய தார் 150 பாகைக்கு மேல் காய்ச்சப்படுவது. அதன் அருகே வாருகோலோடு நடக்கும் பணியாளர் பலர் காலிற் கோணிச்சாக்கைச் சுற்றி, வண்டிச் சக்கரத்து இரப்பர்க் குழாயை நாடாவாக அறுத்துக் கட்டியிருப்பர். முகத்தில் பனியன் கழிவுத்துணி. தலையில் துண்டு. ஈராயிரம் ஆண்டுகட்கு முன் வணிகன் அடியை அரண் காத்தது என்றோம்; இவர்தம் அடியைக் காப்பது சாக்கு. சும்மாட்டைப் போலவே இதுவும் உழைப்போர் தாமே கண்ட காப்பு. அவர்தம் அறிவுக்குச் சான்று. அதனைத் தரவேண்டியோர் தராமைக்கும் சான்று. முகத்துணி பருந்தூளைத் தடுக்கும். மூச்சுப்பையைக் கெடுக்கும் நுண்டூள் அதனூடே சென்றுவிடும்.

தலைக்கவசம் தந்தால் அணிவதில்லை என்று மேற்பார்ப்போர் கூறுவர். இக்கூற்றை ஆராய்ந்து பார்த்தல் வேண்டும். சாலை வேலையில் ஈடுபடும் பெண்டிரைச் சித்தாள் என்பர். சிறுமை என்னும் அடியிற் பிறந்த அச்சொல் சிறிய ஆள் என்று பொருள்படும். கூலியும் அதற்கேற்பச் சிறியது. சித்தாளின் முதன்மையான வேலை சட்டியில் சல்லியையோ கலவையையோ நிரப்பித் தலைமேற் சுமத்தல். சும்மாடு வைத்த தலையில் வழவழப்பான கவசம் நில்லாது. கவசம் வைத்த தலையிற் சட்டி நில்லாது. இரண்டில் ஒன்றையே அவள் கொள்ளுதல் கூடும். தலைச்சுமை இல்லாத நாட்டில், சுமையைப் பொறி தூக்கும் முறைக்கென ஆக்கிய பொருளை, வேலைமுறையை மாற்றாமல் இவள் கையிற் கொடுத்து, அவள் அணியவில்லை என்று குறைகூறுதல் நேர்மையாகாது. கூலியைத் தூரமும் குழியும் அளந்து தரும் இடங்களில் கனத்த பூட்சு நடையைத் தளர்த்திக் கூலியைக் குறைக்கும் என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணுக. ஒப்பந்தங்களிற் காப்புடைக்குத் தனிவிலை வையாது பணிக்குள் அடங்கியதாகக் கொள்ளும் வழக்கம் பலவிடத்தும் இருந்து வந்தமையால், அதிற் சிக்கனம் செய்வோனுக்கே ஏலம் கிடைப்பதும் இயல்பாயிற்று. மறுப்பவள் சித்தாள் என்று எழுதும் ஏட்டில் இவை எழுதப்படுவதில்லை.

மொழி பற்றிய தடை ஒன்றும் உண்டு. அது எம் துறையைச் சார்ந்தது. திருப்பூரின் பின்னலாடைக் கூடங்களிற் போலவே சாலைப் பணியிலும் ஒடிசா, பீகார், சார்க்கண்டு முதலிய மாநிலத்தார் பலர் உள்ளனர். ‘பணி நடைபெறுகிறது, மெதுவாகச் செல்க’ என்னும் பலகை வண்டியோட்டுவோனை நோக்கியது. அவன் மொழியில் உள்ளது. தார்க் கொப்பரையின் அருகே செல்லாதே என்று பணியாளனை நோக்கி அவன் மொழியில் எழுதிய பலகையைக் காண்பது அரிது. தமிழ்ப் பணியாளர்க்கேனும் நல்ல சொற்கள் கிடைத்தனவா எனில், தலைக்கவசம் ஒன்றே நிலைபெற்றது. மற்றவை ஜாக்கெட்டு, பூட்சு, கிளவுசு என்றே களத்தில் வழங்குகின்றன. அவ்வழக்கை மாற்ற யாம் முனையவில்லை. பொருள் கைக்கு வந்தால் பெயர் தானே அமையும்.

பனியன் என்னும் சொல்லின் வரலாறு இங்கு நினைவுக்கு வருகின்றது. குசராத்து வணிகரைக் குறித்த பெயர் ஐரோப்பியர் வாயில் திரிந்து, முதலில் அவ்வணிகர் உடைபோன்ற தளர்ந்த மேலாடையையும் பின்னர் உள்ளாடையையும் குறித்தது. வழிச்சென்ற வணிகனின் பெயரையே திருப்பூர் தன் தொழிலுக்குப் பெயராகக் கொண்டுள்ளது. வெயிலில் வியர்வையை உறிஞ்சும் பருத்திப் பின்னலை இவ்வூராரினும் நன்கு அறிந்தவர் சிலரே. வெப்ப நாட்டில் உடலோடு ஒட்டிப் புழுங்கும் செயற்கை இழைச் சட்டையைப் பணியாளர் கழற்றி வைப்பதைக் காணும்போது, ஒளிரும் பட்டை தைத்த காற்றோட்டமுள்ள பருத்திச் சட்டை ஒன்றை இவ்வூர்த் தறிகளே பின்னித் தரலாகாதா என்று வினவத் தோன்றுகின்றது. அது வணிகரும் பொறியாளரும் விடை கூறற்குரிய வினா.

இலக்கியம் பயில்வோர் கூறத்தக்கது ஒன்று உண்டு. கொங்குநாட்டோடு நெருங்கிய தொடர்புடைய சேரரைப் பாடும் பதிற்றுப்பத்தில் மெய்ம்மறை என்னும் சொல் வருகின்றது. மெய்யை மறைப்பது, அஃதாவது கவசம், என்பது அதன் பொருள். அந்நூலின் 14-ஆம் பாட்டுக்குச் ‘சான்றோர் மெய்ம்மறை’ என்பதே பெயர். அரசன் தனக்குக் கவசம் அணிந்தான் என்று புலவர் பாராட்டவில்லை. தன்பொருட்டுப் போர்முகம் புகும் வீரர்க்கு அவனே கவசமாக நின்றான் என்று பாராட்டினார். ஏவப்பட்டோனின் மெய்யைக் காத்தல் ஏவியோன் கடன் என்னும் கருத்து அதனுள் அடங்கியுள்ளது. போர்க்களத்து வீரனுக்கு உரியதாகச் சொல்லப்பட்ட அக்கடன் மண் சுமந்தோர்க்கு நீட்டப்படவில்லை. காரணம் ஒன்றே: அவருழைப்பு வெட்டி எனப்பட்டது, கூலியில்லாதது காக்கத்தக்கதாகவும் எண்ணப்படவில்லை. கூலி வந்த பின்னரும் அப்பழைய எண்ணம் விலகவில்லை என்பதற்குக் காலிற் சுற்றிய சாக்கே சான்று. சாலைப்பணி ஒப்பந்தத்தில் சல்லிக்கும் தாருக்கும் கனஅளவும் விலையும் எழுதும் பட்டியலில், காலுறைக்கும் கையுறைக்கும் தூள்தடுப்புக்கும் அத்தகைய தனிவரியும் தனிவிலையும் எழுதப்படும் நாளில், சித்தாளின் தலைச்சட்டியும் இறக்கப்படுகின்றதா என்பதை அடுத்து நோக்க வேண்டியிருக்கும்.